இருபது ரூபாய்த் தாளில் கொடுத்த சாலை: அனுமதியற்ற மனைப்பிரிவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வட தமிழகத்தில், ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராம ஊராட்சியில் நடந்தது இது. 2009-இல் போட்ட மனைப்பிரிவு, 2016-இல் பத்திரப்பதிவு நின்று முடங்கி, 2019-இல் வரன்முறைக்குள், அதாவது அனுமதியற்றதைப் பின்னால் முறைப்படுத்தும் ஏற்பாட்டுக்குள், வந்தது. ஊர், ஆட்கள், புல எண்கள் குறிப்பிடப்படவில்லை. இதேபோன்ற மனை வைத்திருப்பவர்கள் தங்கள் காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு விவரங்கள் தரப்பட்டுள்ளன.

நிலமும் சட்டமும்

நிலத்தின் பரப்பு 5 ஏக்கர் 12 செண்ட், அதாவது 20,720 சதுர மீட்டர். கணக்கில் புஞ்சை. வேர்க்கடலை போட்டுவந்த மானாவாரி நிலம், கடைசிச் சில ஆண்டுகள் தரிசாகக் கிடந்தது. உடன்பிறந்தவர்கள் மூவர் பெயரில் கூட்டுப் பட்டா. கிழக்கு எல்லையை ஒட்டி ஏரிப் பாசனத்தின் கிளை வாய்க்கால் ஓடுகிறது. வருவாய்த் துறையின் நில அளவை வரைபடமான புலப்படத்தில் அதன் அகலம் 3 மீட்டர், வகைப்பாடு வாய்க்கால் புறம்போக்கு.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி நிலத்தை மனைகளாகப் பிரிப்பதே ஒரு ‘அபிவிருத்தி’. வீடு கட்டினால்தான் அனுமதி வேண்டும் என்பதில்லை. கிராம ஊராட்சிப் பகுதியில் விண்ணப்பம் அக்காலத்தில் ஊராட்சி வழியாக நகர் ஊரமைப்புத் துறைக்கு (டிடிசிபி) போகும். துறை வரைபடத்தைச் சரிபார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும். அதன்பின் சாலைகளையும் திறந்தவெளி ஒதுக்கீட்டையும் நில உரிமையாளர் பதிவுபெற்ற தானப் பத்திரத்தின் மூலம் ஊராட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அது முடிந்த பிறகே ஊராட்சி இறுதி அனுமதி ஆணை வழங்கும், மனை விற்பனை தொடங்கும். இந்த வரிசையில் மக்கள் அதிகம் பேசுவது ‘டிடிசிபி அப்ரூவல்’ எண்ணைப் பற்றி. தகராறு பிறப்பதென்னவோ பெரும்பாலும் தானப் பத்திரத்தில்தான்.

2009: மனை போட்ட விதம்

உரிமையாளர்கள் மூவரும் 2008-இல் ஒரு மனைத் தொழில்காரருக்குப் பொது அதிகார ஆவணம், வழக்கில் சொல்வதானால் ‘பவர்’, எழுதிக்கொடுத்தனர். அவர் 90 மனைகள் போட்டார். பெரும்பாலானவை 30-க்கு 60 அடி. மனைகளின் மொத்தப் பரப்பு 15,126 சதுர மீட்டர், சாலைகள் 4,144, ‘பூங்கா’ என்று பச்சை அடித்துக் காட்டிய இடம் 1,450. சாலைகள் எல்லாமே 20 அடி, அதாவது 6.1 மீட்டர்.

வரைபடத்தின் கீழ் மூலையில் ஊராட்சி மன்றத் தலைவரின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருந்தன. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற பெயரில் அக்காலத்தில் விற்றவை இப்படிப்பட்டவையே. துறையின் ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. ஆகவே அந்த முத்திரைக்கு, வரைபடம் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒருமுறை வந்துபோனது என்பதற்கு மேல் பொருள் இல்லை. பின்னாளில் வீடுகளுக்கு ஊராட்சி வீட்டு வரி போட்டது, மின் இணைப்பும் கிடைத்தது. இவற்றையும் பலர் அனுமதி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அனுமதி வாங்காததில் என்ன லாபம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முறைப்படி 7.2 மீட்டர், 9 மீட்டர் சாலைகள், மக்கள் சொல்லும் 23 அடி, 30 அடி ரோடுகள், போட்டிருந்தால் சாலைக்கு ஏறத்தாழ 26 விழுக்காடு போயிருக்கும். மீதியில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி. விற்க மிஞ்சுவது சுமார் 13,800 சதுர மீட்டர். இங்கே கடைசியில் மனைகளாக வகுக்கப்பட்டது, பின்னர் துண்டு போட்ட பூங்காவையும் சேர்த்து, 16,566 சதுர மீட்டர். வித்தியாசம் கிட்டத்தட்ட 29,800 சதுர அடி, பதினாறு மனைக்கு மேல். அனுமதிக்காக அலையும் மாதங்களையும் மனைத் தொழில்காரர் மிச்சம் பிடித்தார்.

சாலைகளை ஊராட்சிக்கு ஒப்படைத்ததற்கு ஆதாரமாக ஒரு காகிதம் இருந்தது. இருபது ரூபாய் முத்திரைத் தாளில், மனைத் தொழில்காரர் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரை வைத்த கடிதம்: “மேற்படி மனைப்பிரிவின் பாதைகளையும் பூங்காவையும் பொது உபயோகத்துக்கு ஊராட்சிக்கு விட்டுக்கொடுத்துள்ளோம்.” அது பதிவு செய்யப்படவில்லை. ஊராட்சி தரப்பில் ஏற்புக் கையெழுத்தோ தீர்மானமோ இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி அசையாச் சொத்தின் தானத்துக்கு இரு சாட்சிகளுடன் கூடிய பதிவுபெற்ற ஆவணம் வேண்டும். 122-ஆம் பிரிவுப்படி, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றிருக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. சாலைகளின் உரிமை மூவர் பட்டாவிலேயே தங்கிவிட்டது.

பூங்கா மனையானது, 2013

முதல் நான்கு ஆண்டுகளில் பாதிக்கு மேல் விற்றது. 2013-இல் மனைத் தொழில்காரர் பூங்கா இடத்தை 180 சதுர மீட்டர் வீதம் எட்டுத் துண்டாக்கி, 91 முதல் 98 வரை எண் கொடுத்து விற்கத் தொடங்கினார். முன்பே வாங்கியவர்களில் சிலர் எதிர்த்தனர். ஊராட்சியில் மனு கொடுத்தனர், பதில் வரவில்லை. ஊராட்சி பெயரில் தானப் பத்திரம் இல்லாத இடத்தை ஊராட்சியால் காப்பாற்றவும் முடியாது. வாங்கியவர்களிடம் இருந்தது விளம்பரத் தாள் மட்டுமே. அவர்களது கிரயப் பத்திரங்களின் நான்கெல்லையில் சிலவற்றில் ‘பூங்கா’ என்ற சொல் இருந்தது, பலவற்றில் ‘காலியிடம்’ என்று மட்டும் இருந்தது.

அந்தப் பூங்காவும் கணக்கில் முழுமையாக இருந்ததில்லை. சாலை நீங்கிய 16,576 சதுர மீட்டரில் பத்து விழுக்காடு என்றால் 1,658 வர வேண்டும். காட்டியது 1,450.

2014 ஆகஸ்டில் உரிமையாளர்கள் மூவரில் மூத்தவர் இறந்தார். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துபோகும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. மனைத் தொழில்காரர் அதற்குப் பிறகும் 2015-இல் மூவர் பெயரிலும் இரண்டு கிரயப் பத்திரங்கள் பதிவு செய்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. வாங்கியவர்களும் வில்லங்கச் சான்று பார்த்தார்களே தவிர, பவர் கொடுத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்கவில்லை.

2015 நவம்பர் மழையில் கிழக்கு வரிசையில் ஒன்பது நாட்கள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ‘பள்ளமான இடம்’ என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். காரணம் வேறு என்பது 2018-இல்தான் தெரிந்தது.

2016: பதிவு நின்றது

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20-இல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. திட்ட அனுமதி இல்லாமல் வீட்டுமனையாக மாற்றிய நிலத்தின் பத்திரத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்கிறது அது. ஒரே விலக்கு: அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபதிவு செய்யலாம்.

இந்த விலக்கில் இங்கே ஒரு சிக்கல் வந்தது. அதுவரை விற்றிருந்த 72 மனைகளில் (பழைய வரிசையில் 67, பூங்காவில் 5) 14 மனைகளின் பத்திரங்களில் சொத்து விவரம் ‘புஞ்சை நிலம் 4 செண்ட்’ என்றுதான் இருந்தது. ஏக்கர் கணக்கில் வழிகாட்டி மதிப்புப் போட்டால் முத்திரைத் தீர்வை குறையும் என்பதற்காகச் செய்தது. ‘வீட்டுமனை’ என்ற சொல்லோ மனை எண்ணோ இல்லாததால் அந்தப் பதினான்கு பேருக்கும் விலக்கு மறுக்கப்பட்டது. அன்று சில ஆயிரம் மிச்சம் பிடித்தவர்கள், பெண்ணின் திருமணத்துக்கு மனையை விற்க முடியாமல் நின்றார்கள்.

2017 மே 4-இல் அனுமதியற்ற மனைகள், மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அக்டோபரில் திருத்தப்பட்டு, கட்டணங்கள் குறைக்கப்பட்டன. 2016 அக்டோபர் 20 வரை விற்பனை நடந்த மனைப்பிரிவுகளுக்கே இது பொருந்தும். நடைமுறை இரண்டு கட்டம்: முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் கட்டமைப்பு ஒப்புதல், பிறகு ஒவ்வொரு மனைக்கும் உள்ளாட்சி அமைப்பின் தனி ஆணை. நீர்நிலை, அரசு நிலம், பொதுச் சாலை ஆகியவற்றில் அமைந்த மனைகளுக்கு வரன்முறை கிடையாது.

விண்ணப்பமும் திரும்பிய கோப்பும்

கட்டமைப்பு ஒப்புதலுக்கு மனைத் தொழில்காரர் விண்ணப்பிப்பார் என்று வாங்கியவர்கள் சில மாதம் காத்திருந்தார்கள். அவர் அலுவலகத்தை மூடிவிட்டு வேறு ஊர் போயிருந்தார். உயிரோடிருந்த இரு உரிமையாளர்களும் பவரை ரத்து செய்திருந்தார்கள். 2017 ஜூலையில் 41 பேர் சேர்ந்து நலச் சங்கம் பதிவு செய்தனர். பொதுச் செலவுக்கு மனைக்கு 3,500 ரூபாய் வசூலித்தார்கள்.

2018 ஜனவரியில் கொடுத்த விண்ணப்பத்துடன் மூலப் பத்திரம், கூட்டுப் பட்டா, நிலத்தின் வகைப்பாடும் உரிமையும் எழுதிய வருவாய்க் கணக்கான ‘அ’ பதிவேட்டின் நகல், புலப்படம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, விற்ற மனைகளின் பட்டியல், பழைய வரைபடம் ஆகியவை போயின. மார்ச்சில் நகர் ஊரமைப்புத் துறையின் மண்டல அலுவலகத்திலிருந்து வந்து இடத்தைப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் குறைகளோடு கோப்பு திரும்பியது. வரைபடத்தின் அளவுகள் தரையோடு பொருந்தவில்லை, கிழக்கு எல்லையில் வாய்க்கால் காட்டப்படவில்லை, சாலைக்குத் தானப் பத்திரம் இல்லை, விற்காத மனைகளின் உரிமையாளர்கள் கையெழுத்திடவில்லை, திறந்தவெளி இல்லை, பொதுப்பணித் துறையின் தடையின்மைச் சான்று இல்லை.

சங்கத்தில் முதலில் எழுந்த எண்ணம், பழைய வரைபடத்தையே கொஞ்சம் திருத்தி மறுபடி கொடுத்துவிடலாம் என்பது. அப்படிச் செய்திருந்தால் கோப்பு இன்னொரு முறை திரும்பியிருக்கும், அவ்வளவுதான். 2009 வரைபடம் தரையை அளந்து போட்டதல்ல. பட்டாவின் பரப்பை எடுத்துக்கொண்டு, காகிதத்தில் கட்டம் பிரித்திருந்தார்கள். உரிமம் பெற்ற அளவரை வைத்து முதலிலிருந்து அளப்பதென்று ஏப்ரலில் முடிவானது.

அளவையில் தெரிந்தவை

டோட்டல் ஸ்டேஷன் கருவியில் மூன்று நாள் வேலை. தொடக்கப் புள்ளியாக எதை எடுப்பது என்பதில்தான் பெரும்பாலான மனைப்பிரிவு அளவைகள் கெட்டுப்போகின்றன. மனைத் தொழில்காரர் நட்ட கற்களை நம்பி அளந்தால், அவர் செய்த பிழையே புது வரைபடத்திலும் அழகாக ஏறிவிடும். இங்கே வருவாய்த் துறை சர்வேயரை வரவழைத்து, புலப்படத்திலிருந்து நிலத்தின் நான்கு மூலைகளையும் பக்கத்துப் புலங்களின் இரண்டு முச்சந்திக் கற்களையும் (மூன்று எல்லைகள் கூடும் இடத்துக் கற்கள்) முதலில் நிலைப்படுத்தினார்கள். ஒரு கல் மண்ணுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் கிடைத்தது.

அதன்பிறகு வாய்க்கால் வெளியே வந்தது. கிழக்கு வரிசையில் 31 முதல் 34 வரையான நான்கு மனைகளின் பின்எல்லை வாய்க்காலுக்குள் போயிருந்தது: வடகோடியில் 2.1 மீட்டர், தெற்கே வரவர 0.6 மீட்டர். வடக்கில் வாய்க்காலுக்கு மிஞ்சியது 90 சென்டிமீட்டர். நான்கில் மூன்று விற்றவை. இரண்டில் சுற்றுச்சுவர், ஒன்றில் வீட்டின் மூலையே உள்ளே இருந்தது. சாலை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் 30 சென்டிமீட்டர் குழாய் ஒன்றைப் போட்டு மேலே கிராவல் கொட்டியிருந்தார்கள். 2015-இல் தண்ணீர் நின்றது இதனால்தான். மேட்டிலிருந்து வந்த நீர் குழாய்க்குள் போக வழியின்றி மனைகளுக்குள் ஏறியது.

“வாய்க்கால்ல தண்ணி வந்து இருபது வருஷம் ஆச்சுங்க” என்பது அந்த வரிசையில் இருந்தவர்களின் வாதம். ஏரிப் பாசனம் நின்றுபோனது உண்மைதான். ஆனால் பாசனத்துக்குத் தண்ணீர் வராத வாய்க்காலில் மழைநீர் வரும். புறம்போக்கு வகைப்பாடும் அப்படியே இருந்தது. பொதுப்பணித் துறையின் பொறியாளர் வைத்த நிபந்தனை சுருக்கமானது: 3 மீட்டரும் திறக்க வேண்டும், சாலைக் கடவில் குழாயை எடுத்துவிட்டுச் சிறுபாலம் வேண்டும்.

மூன்று வழிகள் பேசப்பட்டன. நான்கு மனைகளையும் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவது முதல் வழி. வாய்க்காலைச் சாலையோரமாகத் திருப்பிக்கொள்ள அனுமதி கேட்பது இரண்டாவது. புறம்போக்கின் போக்கை மாற்றுவதற்கு மேல்மட்ட ஒப்புதல் வேண்டும், ஆண்டுகள் ஆகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. மனைகளின் பின்பக்கத்தை வெட்டி, குறைந்த பரப்புக்கு வரன்முறை கேட்பது மூன்றாவது. மூன்றாவதையே எடுத்தார்கள். 60 அடி ஆழமுள்ள மனையில் ஆறேழு அடி போனாலும் வீடு கட்ட இடம் இருக்கும். சுற்றுச்சுவர் வைத்திருந்த இருவரும் இரண்டு மாதத்தில் இடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் மறுத்தார். அவருடைய மனையைத் தனியாகக் குறித்து ‘ஒப்புதல் கோரப்படவில்லை’ என்று வரைபடத்தில் எழுதினார்கள். ஒருவருக்காக மற்ற எல்லோருடைய கோப்பும் நிற்கக்கூடாது என்பதுதான் காரணம். கடுமையான முடிவுதான், ஆனால் இல்லையென்றால் கோப்பு நகர்ந்திருக்காது.

கையெழுத்துப் போட வேண்டியவர்கள்

சாலைத் தானப் பத்திரத்தில் உயிரோடிருக்கும் இருவரும், இறந்த மூத்தவரின் மனைவி, இரு மகன்கள், ஒரு மகளும் கையெழுத்திட வேண்டியிருந்தது. “இருபது ரூபாய்த் தாள்ல அப்பவே குடுத்தாச்சே” என்றார்கள். அந்தத் தாள் செல்லாது என்பதை விளக்கவே இரண்டு கூட்டங்கள் ஆயின. பிறகு, அது செல்லாது என்று தெரிந்ததும் பேச்சின் திசை மாறியது: சாலை இன்னும் எங்கள் சொத்து என்றால், அதற்கு விலை என்ன?

இங்கே சங்கம் செய்த வேலை கவனிக்கத்தக்கது. வழக்குப் போடுவதாக மிரட்டவில்லை. குடும்பத்திடம் விற்காமல் இருந்த மனைகள் 26: பழைய வரிசையில் 23, பூங்காவில் 3. கட்டமைப்பு ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்த 26 மனையும் பத்திரப்பதிவுக்கு ஆகாது. சட்டப்படி அது வெறும் புஞ்சை, அதுவும் மற்றவர்களின் வீடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் புஞ்சை. ஒப்புதல் வந்தால் மனையாக விற்கலாம். இதை ஒரு தாளில் கணக்காக எழுதிக் காட்டினார்கள். விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் ஒரே கோப்பில் லாபம் இருந்தது. எல்லா மனைகளும் விற்றுத் தீர்ந்த மனைப்பிரிவுகளில் இந்தப் பிடி கிடைக்காது. அங்கே வாரிசுகளைக் கையெழுத்துக்கு அழைத்துவருவது பல மடங்கு கடினம்.

2018 அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. 679 மீட்டர் நீளச் சாலைகள் முழுவதும் விலையில்லாமல் தானம். ஒரு சாலையில், விற்காத ஒன்பது மனைகள் ஒரே வரிசையில் இருந்ததால், அவற்றின் முன்பக்கம் 1.1 மீட்டர் விட்டுக்கொடுத்து அந்தச் சாலையை 7.2 மீட்டராக்குவது. மற்ற சாலைகளில் இருபுறமும் வீடுகள் வந்துவிட்டதால் 6.1 மீட்டரே நின்றது. 2015-இல் பவர் செல்லாத நிலையில் எழுதிய இரண்டு பத்திரங்களுக்கும் வாரிசுகள் ஒப்புதல் ஆவணம் எழுதிக்கொடுப்பது. பதிலுக்கு, பொதுச் செலவில் குடும்பத்தின் பங்கைச் சங்கம் ஏற்பது.

வெளிமாநிலத்தில் இருந்த மகளின் கையெழுத்துக்கு ஆறு வாரம் ஆனது. ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து, 2019 டிசம்பர் தேர்தல் வரை தனி அலுவலர்களே நிர்வாகம் பார்த்தார்கள். எனவே தானத்தை ஏற்று ஊராட்சி சார்பில் கையெழுத்திட்டவர் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர். ஏற்புத் தீர்மானத்தின் எண்ணையும் நாளையும் பத்திரத்திலேயே எழுதவைத்தார்கள். 2009-இல் விட்டுப்போனது இதுதான்.

பூங்கா குறித்த முடிவு

சங்கம் உடையும் நிலைக்குப் போனது இந்த இடத்தில்தான். பூங்காவில் மனை வாங்கிய ஐந்து பேரில் இருவர் சங்கத்தின் நிர்வாகிகள். மற்றவர்கள் கேட்டார்கள்: “நாங்க பூங்காவுக்கும் சேர்த்துத்தான காசு குடுத்தோம்?”

அனுமதி பெற்ற மனைப்பிரிவாக இருந்தால் விடை எளிது. அங்கே பூங்கா ஊராட்சியின் சொத்து. அதில் எழுதிய கிரயப் பத்திரம் நிற்காது. இங்கே அனுமதியே இல்லாததால் பச்சை அடித்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஒருபோதும் இருந்ததில்லை. ஐந்து பேரிடமும் கெடு நாளுக்கு முந்தைய பதிவுபெற்ற கிரயப் பத்திரங்கள் இருந்தன. துறை விற்காத பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தது. 23 மனைகளும் பூங்காவின் மூன்று துண்டுகளும் சேர்ந்து 4,404 சதுர மீட்டர், அதில் பத்து விழுக்காடு 440. விற்காத மூன்று பூங்காத் துண்டுகளும் சேர்ந்து 540 சதுர மீட்டர் வந்ததால், அவற்றையே திறந்தவெளியாகத் தானம் கேட்டது. வாரிசுகள் கொடுத்தார்கள். ஐந்து மனைகளும் மனைகளாகவே நின்றன.

சாலை நீங்கிய பரப்பில் இந்த 540 என்பது 3.3 விழுக்காடுதான். வரன்முறை என்பது நடந்துபோனதை ஏற்றுக்கொள்வது. அது இழந்த பூங்காவைத் திருப்பித் தராது.

விளைவு

சாலை, திறந்தவெளி இரண்டுக்கும் தானப் பத்திரம் 2018 டிசம்பரில் பதிவானது. 2019 பிப்ரவரியில் கட்டமைப்பு ஒப்புதல் வந்தது. தனி மனை ஆணைகளுக்கு ஊராட்சியில் விண்ணப்பங்கள் குவிந்தன. வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் சதுர மீட்டர் கணக்கில் கட்டப்பட்டன. 2020 இறுதியில் நிலை: விற்ற 72-இல் 63 மனைகளுக்கு ஆணை கிடைத்தது, வாய்க்கால் வீடு ஒன்று வெளியே நின்றது, எட்டுப் பேர் விண்ணப்பிக்கவே இல்லை. அந்த எட்டில் சிலர் வெளிநாட்டில் இருப்பவர்கள், சிலர் ‘கட்டமைப்பு வந்ததே போதும்’ என்று நினைத்தவர்கள். கட்டமைப்பு ஒப்புதல் தனி மனைக்கு அனுமதி ஆகாது. தனி ஆணை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது. விற்காத 26-இல் மூன்று திறந்தவெளியாயின, வாய்க்காலில் இருந்த ஒன்றைக் குடும்பம் கைவிட்டது, மீதி 22-க்கும் கட்டணம் கட்டி ஆணை பெற்றார்கள். ‘புஞ்சை 4 செண்ட்’ பத்திரக்காரர்கள் பதினான்கு பேருக்கும் மனை எண்ணோடு ஆணை வந்ததால் பதிவுத் தடை நீங்கியது.

ஒரு வேலை மட்டும் விட்டுப்போனது. தானப் பத்திரம் பதிவானதும் எல்லாம் முடிந்ததாக எண்ணி, வருவாய்க் கணக்கில் சாலைக்குத் தனி உட்பிரிவு செய்ய யாரும் மனு கொடுக்கவில்லை. 2020-இல் தெருவிளக்குக் கம்பம் நட ஊராட்சி மதிப்பீடு போட்டபோது, ‘அ’ பதிவேட்டில் சாலை இன்னும் தனியார் பட்டாவாக இருப்பதைக் காட்டிக் கோப்பைத் திருப்பினார்கள். உட்பிரிவு அளந்து, ஊராட்சி பெயரில் சாலை என்று பதிவேட்டில் ஏற மேலும் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் பழைய பட்டாவைக் காட்டிச் சாலையை அடமானம் வைக்கவும் வழி இருந்தது. நல்லவேளையாக யாரும் முயலவில்லை.

மாறியிருக்க வேண்டியவை

2009-இல் ஊராட்சி அந்த முத்திரையை வைக்காமல், ‘துறை ஒப்புதலுடன் வரவும்’ என்று ஒரு வரி எழுதித் திருப்பியிருந்தால் பெரும்பகுதி நடந்திருக்காது. இப்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த அபிவிருத்தி, கட்டட விதிகளில் திறந்தவெளிக்கு மூன்று படிகள் உள்ளன: 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு தேவையில்லை, 3,000 முதல் 10,000 வரை நிலமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தரலாம், 10,000-க்கு மேல் நிலமாகவே தர வேண்டும். இந்த நிலம் 20,720. இன்றைக்கென்றால் பணம் கட்டித் தப்ப முடியாது. இதனால் பெரிய நிலத்தை 2,900 சதுர மீட்டர் துண்டுகளாக வெவ்வேறு பெயரில் விண்ணப்பிக்கும் தந்திரம் முளைக்கிறது. உள்ளாட்சி அலுவலர் ஒரே விண்ணப்பத்தை மட்டும் பார்க்காமல், மூலப் பத்திரத்தையும் பக்கத்துப் புலங்களின் வில்லங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது பிடிபடும்.

தானப் பத்திரத்தோடு உட்பிரிவு மனுவையும் அதே நாளில் வாங்கிக்கொள்வதை ஊராட்சி வழக்கமாக்கியிருந்தால் எட்டு மாதம் வீணாகியிருக்காது. ஏற்புத் தீர்மானம், தானப் பத்திர எண், உட்பிரிவு எண் மூன்றும் ஒரே பதிவேட்டில் ஒரே வரியில் இருக்க வேண்டும். இப்போது அவை மூன்று அலுவலகங்களில் கிடக்கின்றன.

வாங்குபவர் பக்கத்தில், ஒப்புதல் எண்ணை மட்டும் கேட்பது போதாது. சாலை, பூங்காவின் தானப் பத்திர எண்ணைக் கேட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்து, அதில் உள்ளாட்சியின் ஏற்புக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பவர் முகவர் விற்றால், பவர் கொடுத்தவர்கள் உயிரோடிருப்பதற்கான சான்றை விற்பனை நாளுக்கு நெருக்கமான தேதியில் வாங்க வேண்டும். புலப்படத்தில் மனையின் பக்கத்தில் இரட்டைக் கோடு ஓடினால், அது வாய்க்காலா வண்டிப்பாதையா என்று ‘அ’ பதிவேட்டில் பார்த்துவிட்டு, கற்களிலிருந்து அளந்து பார்க்க வேண்டும். சொத்து விவரத்தில் ‘வீட்டுமனை’ என்ற சொல்லும் மனை எண்ணும் இருக்க வேண்டும், தீர்வை கூடினாலும்.

சாலைக் கடவில் 30 சென்டிமீட்டர் குழாய் இருந்த இடத்தில் இப்போது சிறுபாலம் இருக்கிறது. வாய்க்கால் முழு அகலத்துக்குத் திறந்துவிட்டது, ஒரே ஒரு வீட்டின் மூலையைத் தவிர. அந்த வீட்டுக்காரருக்கு வருவாய்த் துறை ஆக்கிரமிப்பு அறிவிப்புக் கொடுத்திருக்கிறது.